உடம்பைத் தானே படிப்பது – ஒரு எஞ்சினியர் பார்த்த வரை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருபது நிமிஷம் பேச வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். மெடிக்கல் மாணவர்கள் அனாட்டமியைத் தாங்களே எப்படிப் படிக்கிறார்கள் என்று பேசட்டுமா என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சார், நம்மளுது எஞ்சினியரிங் காலேஜ் சார்" என்றார் செயலாளர். (சிரிப்பு.) அதற்குக் காரணம் இரண்டு உண்டு. முதல் காரணம் என் வேலை. இரண்டாவது என் அக்கா மகள்.

முதலில் வேலை. எலும்பு முறிந்தால் உள்ளே வைத்து முடுக்குகிற பிளேட், ஸ்க்ரூ இவற்றை வடிவமைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். மெக்கானிக்கல் படித்தவனுக்கு டைட்டானியம் தெரியும், ஸ்க்ரூவின் மரை தெரியும், எத்தனை லட்சம் தடவை வளைந்தால் உலோகம் களைத்து உடையும் என்று கணக்குப் போடத் தெரியும். ஆனால் மணிக்கட்டில் போடுகிற ஒரு ஸ்க்ரூ எலும்பின் மறுபக்கம் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், அங்கே ஓடுகிற தசைநாண் அதன்மேல் உரசி உரசி ஒரு நாள் அறுந்தே போகலாம். அது எந்த நாண், எந்த விரலுக்குப் போவது என்று தெரியாமல் ஸ்க்ரூவின் நீளத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆக, வேலைக்குச் சேர்ந்த பிறகு நானும் எலும்பைப் படிக்க உட்கார்ந்தேன். சொல்லித்தர வகுப்பு கிடையாது. புத்தகம், எலும்பு மாடல், அறுவை அரங்கில் ஓரமாக நின்று பார்க்கக் கிடைத்த சில மணி நேரங்கள், அவ்வளவுதான்.

நம் தொழிலுக்கும் உடற்கூறுக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1860-களில் சூரிச்சில் ஹெர்மன் ஃபான் மேயர் என்று ஓர் உடற்கூறுப் பேராசிரியர். தொடை எலும்பின் மேல்முனையை நீளவாக்கில் அறுத்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற எலும்பின் மெல்லிய இழைகள் எந்தெந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து வரைந்தார். அதே ஊரில் கார்ல் குல்மான் என்ற பொறியாளர். பாலத்துக்கும் பளுதூக்கிக்கும் விசைக்கோடுகள் வரைவதில் அவர் மன்னர். மேயரின் படத்தைப் பார்த்தவுடன் வளைந்த கிரேனுக்குத் தாம் வரைகிற தகைவுக் கோடுகள் மாதிரியே இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மேயர் 1867-ல் இதைப் பிரசுரித்தார். பின்னால் வந்தவர்கள் அந்த ஒப்புமையில் குறைகளும் கண்டுபிடித்தார்கள், அது வேறு விஷயம். எலும்பு தன்மேல் விழுகிற பாரத்துக்குத் தக்கபடி தன்னைக் கட்டிக்கொள்கிறது என்ற பெரிய கேள்வி அங்கே திறந்தது. எலும்பை அறுத்தவர் ஒருவர், கிரேன் கட்டுகிறவர் ஒருவர். இருவரும் ஒரே படத்தைப் பார்த்ததால் நடந்தது இது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இதைக் கேட்டாவது அந்தப் பாடத்தின் மேல் கொஞ்சம் பிரியம் வைக்க வேண்டும்.

இப்போது அக்கா மகள் கதைக்கு வருகிறேன்.

தருமபுரிப் பக்கம் கிராமம். அரசுப் பள்ளி, தமிழ்வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வழியில் 2022-ல் அவளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைத்தது. ஊரே கூடி வழியனுப்பியது. மூன்று மாதம் கழித்து முதல் தேர்வு, மேற்கை முழுவதும். ஃபெயில். சும்மா ஃபெயில் இல்லை, நல்ல ஃபெயில். ராத்திரி பதினொரு மணிக்கு போன். "மாமா, நான் ஊருக்கு வந்துடறேன். எனக்கு இது ஒத்து வரல. நர்ஸிங்காவது படிச்சுக்கறேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க." நர்ஸிங் ஒன்றும் சுலபமான படிப்பு இல்லை, அது ஒருபுறம் இருக்கட்டும். முதலாண்டைத் தாண்ட நான்கு முயற்சிதான் என்பது விதி. அந்தப் பயம் வேறு அவளைப் பிடித்துக்கொண்டது. கூடப் படிப்பவர்கள் எல்லாம் டக் டக்கென்று இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் விடுதி இருக்கும் ஊருக்குப் போனேன். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அடடா, அச்சடித்தது மாதிரி நோட்டு! சிவப்பில் தமனி, நீலத்தில் சிரை, மஞ்சளில் நரம்பு. ஒவ்வொரு பாடத்தையும் ஐந்தாறு தடவை படித்திருக்கிறாள். ராத்திரி இரண்டு மணி வரை. உழைப்பில் ஒரு குறையும் இல்லை.

"பைசெப்ஸ் பத்திச் சொல்லு பாப்பா" என்றேன். எங்கே தொடங்குகிறது, எங்கே போய்ச் சேர்கிறது, எந்த நரம்பு, என்ன வேலை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள், மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி. "சரி, நோட்டை மூடு. உன் வலது கையை மேசைமேல வை. முழங்கையை மடக்கிக்க. இடது கையால மேற்கையைப் பிடிச்சுக்க. இப்ப உள்ளங்கையைக் கவிழ்த்து வச்சிருந்து, மெதுவா மேல் பார்க்கத் திருப்பு." திருப்பினாள். கைக்குள் தசை திரண்டு எழுந்தது. வலக்கையால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்து ஒரு ஸ்க்ரூவை இறுக்கும்போது நாம் செய்வது அதே அசைவுதான். கையை மடக்குவதோடு, திருப்புவதும் அந்தத் தசையின் வேலை. அவள் என்னையே பார்த்தாள். "மாமா, இது புக்ல இருக்கு. நானே எழுதியிருக்கேன். ஆனா என் கையில இருக்குன்னு தெரியல."

அந்த ஒரு வாக்கியம்தான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

2019-ல் நாடு முழுவதும் மருத்துவக் கல்விக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அதில் அனாட்டமிக்கு மொத்தம் 675 மணி நேரம். விரிவுரைக்கு 220, சிறு குழு வகுப்பு, செய்முறை வகையறாவுக்கு 415, மீதி 40 மணி நேரம் தானே கற்பதற்கு என்று ஒதுக்கினார்கள். ஸெல்ஃப் டைரக்டட் லேர்னிங் என்று பெயர். மணிக்கணக்கு பின்னால் மாறியது. ஆனால் யோசனை நல்ல யோசனை. டாக்டராகி வெளியே வந்தபின் நாற்பது வருஷம் யாரும் வகுப்பு எடுக்கப்போவதில்லை, தானேதான் படித்தாக வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், கால அட்டவணையில் அந்த வகுப்பு வந்தால் பாதிப் பேர் விடுதிக்குப் போய்த் தூங்குகிறார்கள், மீதிப் பேர் அதே நோட்டை ஆறாவது தடவை படிக்கிறார்கள். என் கட்சி என்னவென்றால், இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூங்குகிறவனுக்கு உடம்பாவது தேறும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துத் தேர்வு வைத்தால் நாலு தடவை படித்தவர்கள்தான் முன்னால், அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வைத்தால் தலைகீழ். படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்த ஐந்து நிமிஷக் கணக்கைத்தான். திரும்பத் திரும்பப் படிக்கிறவனுக்கு அந்த ராத்திரி "எல்லாம் வந்துடுச்சு" என்று நிஜமாகவே தோன்றும். வந்தும்தான் இருக்கும். போவதுதான் தெரியாது.

அன்றைக்கு அவளிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இனிமேல் ஒரு பாடத்தைப் படித்தால், மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிறத்தில் போட வேண்டும். அந்த வேறு நிறம் இருக்கிறதே, அதுதான் மறுநாளுக்கான பாடத்திட்டம். அதை வகுத்துக் கொடுக்கப் பேராசிரியர் வேண்டியதில்லை, அந்தத் தாளே வகுத்துக் கொடுத்துவிடும்.

வரைவது என்றதும் ஞாபகம் வருகிறது. கிரேஸ் அனாட்டமி என்று பெரிய புத்தகம், கேள்விப்பட்டிருப்பீர்கள். 1858-ல் முதல் பதிப்பு. எழுதிய ஹென்றி கிரேயின் பெயர் உலகத்துக்கே தெரியும். படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டரைப் பலருக்குத் தெரியாது. அவர் செய்த ஒரு காரியம், நரம்பின் பெயரை நரம்பின் மேலேயே, தசையின் பெயரைத் தசையின் மேலேயே ஓடவிட்டு எழுதியது. கோடு இழுத்து ஓரத்தில் ஒரு எழுத்துப் போட்டு, அடியில் போய்த் தேடு என்று விடவில்லை. அதே வருஷம் கார்ட்டர் பம்பாய் வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். கிரே 1861-ல் அம்மை கண்டு 34 வயதில் இறந்துபோனார். என் வயதுக்காரர்.

அக்கா மகளுக்கு அடுத்த சிக்கல் இங்கிலீஷ். இங்கேதான் எனக்கே ஒரு சந்தோஷம். "பாப்பா, இதுல பாதிக்கு மேல இங்கிலீஷே இல்ல, லத்தீனும் கிரேக்கமும். கான்வென்ட்ல படிச்ச பிள்ளைக்கும் இது புதுசுதான்" என்றேன். மணிக்கட்டில் எட்டு எலும்பு. ஸ்கஃபாய்டு என்றால் படகு மாதிரி. லூனேட் என்றால் நிலா, பிறை வடிவம். பிசிஃபார்ம் பட்டாணி. ஹாமேட் கொக்கி வைத்தது. கேபிடேட் தலை உள்ளது. காலுக்கு வாருங்கள். முழங்கால் சில்லு, பட்டெல்லா, என்றால் சின்னத் தட்டு. ஃபிபுலா என்றால் ஊக்கு. ஸார்டோரியஸ் என்ற நீளத் தசை தையற்காரர் பெயரால் வந்தது, அந்தக் காலத்தில் அவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைப்பார்களாம், காலை அப்படி மடக்க உதவுகிற தசை. காறையெலும்பு கிளாவிக்கிள் என்றால் குட்டிச் சாவி. இவள் ஒரு தனி நோட்டுப் போட்டாள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தமிழில் பொருள், நடுவில் ஒரு சின்னப் படம். இரண்டே மாதத்தில் அறைத்தோழி, சென்னையில் பெரிய பள்ளியில் படித்த பெண், அந்த நோட்டைக் கடன் வாங்க ஆரம்பித்தாள். அவளுக்கு உச்சரிப்பு வரும், பொருள் தெரியாது. இவளுக்குப் பொருள் தெரியும், உச்சரிப்பு வராது. இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

தமிழில் இதெல்லாம் முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்தார், தமிழில் மருத்துவ நூல்களும் கொண்டுவந்தார். அனாட்டமிக்கு அவர்கள் வைத்த பெயர் அங்காதிபாதம். எவ்வளவு நல்ல பெயர்! அக்கா மகள் தன் நோட்டின் அட்டையில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்தது பிரேக்கியல் பிளெக்ஸஸ். மெடிக்கல் மாணவர்களைக் கேளுங்கள், பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும். கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புப் பின்னல். ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று நாண், ஐந்து முடிவுக் கிளை. சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து போகும். ஜோலார்பேட்டை ஜங்ஷனை மேலே நின்று பார்க்கிற மாதிரி. இதைப் பெயர்ப் பட்டியலாகப் படித்தால் பைத்தியம் பிடிக்கும். ஆனால் நம் எலக்ட்ரிக்கல் தம்பிகளிடம் ஒரு வயரிங் படத்தைக் கொடுத்தால் என்ன கேட்பார்கள்? "இங்கே கட் ஆனா எந்த லைட் அணையும்?" அவ்வளவுதான் கேள்வி. அதே கேள்வியை இங்கே போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

மேல் தண்டில் அறுந்தால்? தோளைத் தூக்குகிற தசை போச்சு, முழங்கையை மடக்குகிறது போச்சு, கையை வெளிப்பக்கம் திருப்புகிறது போச்சு. மிச்சம் இருப்பவை இழுக்கிற பக்கம் கை போகும். உடம்போடு ஒட்டித் தொங்கி, நீட்டி, உள்ளங்கை பின்னால் பார்த்து நிற்கும். யாரும் பார்க்காமல் பின்பக்கமாகக் கையை நீட்டி மாமூல் வாங்குகிறவரைப் போல. பாடப் புத்தகங்களிலேயே ஏறக்குறைய இந்த உவமைதான் இருக்கிறது. பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக் கழுத்து இழுபட்டால் இது வரும். பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோளும் தலையும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டாலும் வரும். என் வேலையில், விபத்தில் உடைந்த எலும்புக்குப் பிளேட் போட்டுச் சேர்த்துவிட்டோம் என்று நாங்கள் பெருமூச்சு விடுவோம். எலும்பு சேரும், கை வராது. இருபது வயதுப் பையன்கள். அதனால் இந்தப் படத்தை அவள் வெறும் மார்க்குக்காகப் படிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பதினைந்து நாளில் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாள். அதோடு நிற்கவில்லை, மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். ஒருத்தி கையை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நிற்பாள், மற்ற இருவரும் எந்த இடத்தில் "வயர் கட்" என்று சொல்ல வேண்டும். மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போதுகூட நடக்குமாம்.

இப்போது நீங்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் சேருங்கள். சேர்த்தபடியே மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறதா? (அரங்கில் பலர் கையைப் பார்த்துக்கொள்கிறார்கள்.) அது பால்மாரிஸ் லாங்கஸ். சிலருக்கு நிற்காது. இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள். பாருங்கள், இங்கேயே எத்தனை பேர்! பயப்பட வேண்டாம், அதனால் கைக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாதவர்களும் உண்டு. வேறு இடத்தில் நாண் அறுந்துபோனவர்களுக்கு ஒட்டுப் போட அறுவை மருத்துவர்கள் இதைத்தான் எடுப்பார்கள், எடுத்தாலும் கை பாட்டுக்கு வேலை செய்யும்.

இது அக்கா மகளின் டிஸெக்‌ஷன் மேசையில் நடந்தது. மேசையில் இருந்த உடலின் முன்கையில் இந்தத் தசையைத் தேடித் தேடிக் காணவில்லை. புத்தகத்தில் இருக்கிறது, இங்கே இல்லை. தோலை எடுக்கும்போது தவறுதலாக அறுத்துப் போட்டுவிட்டோமோ என்று அந்த மேசைப் பிள்ளைகளுக்குக் கை நடுங்கிவிட்டது. உதவிப் பேராசிரியை வந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை. "எல்லாரும் அவங்கவங்க மணிக்கட்டைப் பாருங்க" என்றார். எட்டுப் பேரில் ஒரு பையனுக்கு இல்லை. அங்கேயே புரிந்துவிட்டது. நல்ல ஆசிரியர் செய்கிற வேலை அது. தானே கற்பது என்றால் ஆசிரியர் வேண்டாம் என்று அர்த்தமில்லை. விடையைக் கையில் கொடுக்காமல், விடை இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிவிடுகிற ஆசிரியர் இல்லாமல் அது நடக்காது.

அந்த மேசையில் படுத்திருந்தவர் யாரோ ஒரு பெரியவர். உயிரோடு இருக்கும்போதே தன் உடம்பை எழுதிக் கொடுத்தவர். முதல் நாள் பிள்ளைகள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்களாம். இங்கே நம் வொர்க்‌ஷாப்பில் ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டால் திரும்ப மாட்டலாம், மாட்டாவிட்டால் வேறு வாங்கலாம். அவர் கொடுத்தது ஒரு தடவைதான்.

புத்தகத்துக்கும் உடம்புக்கும் தகராறு வந்தால் எதை நம்புவது என்பது பழைய வழக்கு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அனாட்டமி வகுப்பு எப்படி நடந்தது தெரியுமா? பேராசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கேலன் எழுதியதை வாசிப்பார். கீழே நாவிதர் ஒருவர் அறுப்பார். இன்னொருவர் குச்சியால் காட்டுவார். மாணவர்கள் தூரத்தில். கேலன் இரண்டாம் நூற்றாண்டு மேதை, ஆனால் அவர் அறுத்தது பெரும்பாலும் குரங்கும் பன்றியும்தான். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று அவர் சொன்னதை ஆயிரத்துச் சொச்சம் வருஷம் நம்பினார்கள். பதுவா நகரில் வெசாலியஸ் என்ற இளைஞர் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து கத்தியைத் தன் கையில் எடுத்தார். தாடை ஒரே எலும்புதான் என்று காட்டினார். அவருடைய பெரிய நூல் 1543-ல் வந்தபோது அவருக்கு வயது 28. இடையில் வந்த ஆயிரம் பேருக்கும் கண் இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

இன்றைக்கு நாற்காலியின் இடத்தில் செல்போன் இருக்கிறது. விரலால் தள்ளினால் எலும்புக்கூடு சுழல்கிறது, தோல் மறைகிறது, தசை மறைகிறது. நல்ல சாதனம்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் படத்தை நாம் சுற்றுகிறோமா, அது சுற்றுவதை வேடிக்கை பார்க்கிறோமா என்பதில் சூட்சுமம் இருக்கிறது. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவும் வந்தாயிற்று. அது தவறாகச் சொல்லும்போதும் அதே தைரியத்தோடு சொல்லும். அக்கா மகள் அதைக் கேள்வி கேட்க வைக்கிறாள், பதிலை இவள் சொல்கிறாள். புத்தகத்தைத் திறந்து திருத்துவதும் இவளே. அது எனக்குச் சரியாகப் படுகிறது.

நம்மவர்களுக்கு ஒரு பெருமை பாக்கி இருக்கிறது. சி.டி. ஸ்கேன் படங்களில் மாணவர்கள் திணறுவார்கள். உடம்பை வெங்காயம் மாதிரிக் குறுக்கே சீவிச் சீவிப் பார்க்கிற படம். அவளுக்கு நான் கொடுத்தது நம் முதலாண்டு எஞ்சினியரிங் டிராயிங்தான். பிளான், எலிவேஷன், செக்‌ஷன். கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டு, சாய்த்து வெட்டு, ஒவ்வொரு வெட்டையும் வரை, பிறகு வெட்டுகளை மட்டும் பார்த்து முழுக் காயை வரை. இரண்டு கிலோ கத்தரிக்காய் தீர்ந்தது, அக்காவிடம் எனக்குத் திட்டும் கிடைத்தது. (சிரிப்பு.) ஒரு விதி மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். ஸ்கேன் படத்தை நோயாளியின் கால்பக்கம் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வார்கள். அதனால் அவருடைய வலது பக்கம் நமக்கு இடது பக்கம் தெரியும். கல்லீரல் படத்தில் இடப்பக்கம் இருக்கிறதே என்று குழம்பக் கூடாது.

அவள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதல் மாணவியாகவில்லை. இரண்டாவது உள்தேர்விலும் இழுபறிதான், நாலு மார்க்கில் கரையேறினாள். எழுத்துத் தேர்வு இன்றைக்கும் அவளுக்குக் கொஞ்சம் மெதுவு, மனசில் தமிழில் வருவதை இங்கிலீஷில் போட நேரமாகிறது. ஆனால் வைவாவிலும் எலும்பைக் கையில் கொடுத்துக் கேட்கிற தேர்விலும் அவளை யாரும் அசைக்க முடியவில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினாள். இப்போது வார்டுகளில் நோயாளிகளைப் பார்க்கிற கட்டத்துக்கு வந்துவிட்டாள். அவளோடு சேர்ந்த, அவளைப் போலவே அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பையன் முதலாண்டிலேயே நின்றுவிட்டான். அவனும் ராத்திரி இரண்டு மணி வரை படித்தவன்தான் என்று அவள் சொன்னாள். அது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

அதனால்தான் ஒரு யோசனையோடு வந்திருக்கிறேன். நம் கல்லூரியில் 3டி பிரின்டர் இருக்கிறது. சும்மா தூசி படிந்து நிற்பதாகக் கேள்வி. (மாணவர் பகுதியில் கைதட்டல்.) சி.டி. படத்திலிருந்து எலும்பை அச்சடிக்க அது போதும். மணிக்கட்டு எலும்பு எட்டையும் மூன்று மடங்கு பெரிதாக அச்சடித்து, பொருளைத் தமிழிலும் பெயரைத் தமிழ் எழுத்திலும் ஒரு அட்டையில் போட்டு, அரசுப் பள்ளியிலிருந்து மெடிக்கல் போகிற பிள்ளைகளுக்கு முதல் மாதமே கொடுத்துவிடலாம். ஒரு பைக்குச் செலவு பெரிதாக ஆகாது. மாடல் தயாரிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அச்சடிக்க மூன்றாமாண்டு மெக்கானிக்கலில் நாலு பேர் வேண்டும். எலும்பை யார் சரிபார்ப்பது என்றால், அக்கா மகளும் அவள் தோழிகளும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். "மாமா, தப்பா இருந்தா ஸ்கிராப்தான்" என்று இப்போதே எச்சரிக்கை வந்திருக்கிறது.

மாதிரிக்கு ஒரு பை இந்த மேசைமேல் இருக்கிறது. மஞ்சப்பைதான். உள்ளே எட்டு எலும்பு. பார்க்காமல் கையை விட்டு, தொட்டே எது என்று சொல்ல வேண்டும், அவர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள். பட்டாணியை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவீர்கள், கொக்கியும் சுலபம். படகைத் தேடுங்கள். கட்டை விரலை நன்றாக மேலே தூக்கினால் அதன் அடியில் ஒரு குழி விழுகிறதல்லவா, அதற்கு அடியில் இருப்பது அது. கையை ஊன்றி விழுந்து, அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் டாக்டர் சும்மா அனுப்பமாட்டார். ரத்தம் அந்த எலும்புக்குப் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் நுழைகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடந்து செத்துப்போகலாம். இவ்வளவு சின்ன எலும்பு ஏன் சேர மாட்டேன் என்கிறது என்று அவள் ஒரு நாள் கேட்டு, அவளே தேடி, அவளே எனக்குச் சொன்னது இது. பை பின் வரிசையிலிருந்து வரட்டும். முதலில் தம்பி தங்கைகள் கையை விடட்டும், பேராசிரியர்கள் அப்புறம்.